ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? வகுப்பறை நீதிமன்றம் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை!

'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் ஒரு கேள்வி தானாக வந்துவிடும். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நந்தினியா? ரவிதாசன் கும்பலா? பெரிய பழுவேட்டரையரா? 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வந்தபிறகு, நாவலைத் தொடாதவர்களும் இந்தச் சண்டையில் சேர்ந்துவிட்டார்கள். ஆளுக்கொரு தியரி, தியரிக்கொரு யூடியூப் வீடியோ.

இதே கொலையை வழக்காக மாற்றி வகுப்பறையில் நடத்தினால் என்ன? பெஞ்சைத் திருப்பிப் போட்டு ஒரு நீதிமன்றம். ஒரு பக்கம் அரசுத் தரப்பு, இன்னொரு பக்கம் எதிர்த்தரப்பு. கூண்டில் வந்தியத்தேவன்.

நாவலை வைத்து மாதிரி நீதிமன்றம் நடத்துவது உலகின் பல நாட்டு வகுப்பறைகளில் பழகிப்போன பயிற்சி. நம்மூர்ப் பள்ளிகளில் அது அரிது. இதைத் தொடங்குவதற்குப் பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கத்துப் பள்ளிகளைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம். அதற்குக் காரணம் இருக்கிறது.

ஏன் இந்த ஊர்?

கல்கியின் கதை தொடங்குவதே கடலூர் மாவட்டத்தில்தான். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அந்த ஏரிதான் இன்று சென்னைக்குக் குடிநீர் அனுப்பும் வீராணம். அன்றிரவு அவன் தங்கும் கடம்பூர் மாளிகையின் ஊர், காட்டுமன்னார்கோயில் பக்கத்து மேலக்கடம்பூர் என்று அடையாளம் சொல்வார்கள். நாவலில் கரிகாலன் சாவதும் அதே கடம்பூரில்தான்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். நாவலைத் தாண்டி, நிஜமான கரிகாலன் கொலைக்கு ஒரு நிஜமான சான்றும் இதே வட்டாரத்தில் இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டு அது. பரங்கிப்பேட்டையிலிருந்து கிளம்பி, சிதம்பரத்தில் பஸ் மாறினால் போய்ப் பார்த்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம்.

ஒரு கொலை, அதைப் பற்றிய ஒரு நாவல், அதே கொலையைக் குறிப்பிடும் ஒரு கல்வெட்டு. மூன்றும் ஒரு பள்ளிச் சுற்றுலா தூரத்தில் அமைவது எல்லா ஊருக்கும் வாய்க்காது.

இது புது யோசனையா?

இல்லை. 1914 ஜனவரி 7 அன்று லண்டனில் ஒரு பிரபலமான விசாரணை நடந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 1870-ல் இறந்தபோது 'எட்வின் ட்ரூட்' நாவலைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். எட்வின் காணாமல் போகிறான். சந்தேகம் அவனுடைய மாமா ஜான் ஜாஸ்பர் மேல் விழுகிறது. விடை தெரியும் முன்பே கதை நின்றுவிட்டது. டிக்கன்ஸ் ரசிகர் சங்கத்தினர் ஜாஸ்பரைக் கூண்டில் ஏற்றினார்கள். நீதிபதி, எழுத்தாளர் ஜி.கே. செஸ்டர்டன். ஜூரிகளின் தலைவர், பெர்னார்ட் ஷா.

கடைசியில் என்ன ஆனது தெரியுமா? ஜூரிகள் சாப்பாட்டு இடைவேளையிலேயே தீர்ப்பை முடிவு செய்துவிட்டதாக ஷா அறிவித்தார். திட்டமிட்ட கொலை என்று சொல்லாமல், அதைவிடக் குறைந்த குற்றம் என்று ஒரு சமரசத் தீர்ப்பு. செஸ்டர்டன் பதிலுக்கு, எல்லோருமே நீதிமன்ற அவமதிப்பு செய்துவிட்டார்கள் என்று கலாய்த்துக் கதையை முடித்தார்.

ஜாலியான மாலைதான். ஆனால் ஷா அடித்த ஜோக்கில் ஒரு பாடம் இருக்கிறது. சாட்சியைக் கேட்கும் முன்பே முடிவு எடுத்துவிட்டால், விசாரணை வெறும் நாடகம்தான்.

அமெரிக்கப் பள்ளிகளில் இந்தப் பயிற்சிக்கு அதிகம் எடுத்துக்கொள்ளப்படும் நாவல்களில் ஒன்று, ஹார்ப்பர் லீ 1960-ல் எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. செய்யாத குற்றத்துக்காக டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி கூண்டில் நிற்கும் கதை. இடது கை பழக்கமுள்ளவன் அடித்த காயம், ஆனால் டாமின் இடது கை செயலிழந்தது. சாட்சியம் அவன் பக்கம் இருக்கிறது. இருந்தும் ஜூரி அவனைக் குற்றவாளி என்கிறது. அங்கே வழக்கையும் வாதத்தையும் நாவலே நடத்திக் காட்டிவிடுகிறது. மாணவர்களுக்கு மிச்சமிருப்பது மறுபடி நடிப்பது மட்டுமே.

'பொன்னியின் செல்வன்' இந்த விஷயத்தில் ட்ரூட் மாதிரி. கல்கி விளக்கை அணைத்துவிட்டார். இருட்டில் நடந்த கொலையை மாணவர்கள் தாங்களே துருவ வேண்டும்.

வழக்கு எண் 1: அரசு எதிர் வந்தியத்தேவன்

குற்றவாளி யார் என்பதைவிட, கூண்டில் யாரை ஏற்றுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நந்தினியை ஏற்றினால் வழக்கு அவளுடைய அழகையும் பழிவாங்கலையும் பற்றிய பட்டிமன்றமாக மாறிவிடும். ரவிதாசனை ஏற்றினால் கேஸ் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சரியான ஆள் வந்தியத்தேவன். ஏனென்றால் நாவலிலும் பழி அவன் மேல்தான் விழுகிறது. தஞ்சாவூர்ப் பாதாளச் சிறையில் கிடப்பதும் அவன்தான்.

வாசகருக்கு அவன் ஹீரோ. அவன் செய்யவில்லை என்று எல்லோருக்கும் 'தெரியும்'. ஆனால் விளக்கு அணைந்த அறையில், கரிகாலனின் உடலுக்குப் பக்கத்தில் இருந்தவனும் அவனே. ஒரு போலீஸ்காரரின் கண்ணால் பார்த்தால் இதைவிட ஈஸியான கேஸ் உண்டா?

இப்போது சாட்சிகளைப் பார்ப்போம்.

கந்தமாறன்: கடம்பூர் சம்புவரையரின் மகன். வந்தியத்தேவனின் பழைய நண்பன், இப்போது அவன்தான் கொலைகாரன் என்று அடித்துச் சொல்பவன். அரசுத் தரப்பின் ஸ்டார் சாட்சி. ஆனால் இவனிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. முன்பு தஞ்சாவூரில் தன் முதுகில் கத்தியால் குத்தியது வந்தியத்தேவன்தான் என்று நம்பிக்கொண்டிருப்பவன் இவன். உண்மையில் குத்தியது வேறு ஆள். வந்தியத்தேவனோ இவனைத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றியவன். எதிர்த்தரப்பு வக்கீலாக வரும் மாணவி முதல் பாகத்தை ஒழுங்காகப் படித்திருந்தால், குறுக்கு விசாரணையில் இவனை மூன்றே கேள்வியில் ஆட்டம் காண வைக்கலாம்.

மணிமேகலை: கந்தமாறனின் தங்கை. "கொன்றது நான்" என்று சொல்பவள். அண்ணன் வெறுப்பில் பேசுகிறான் என்றால், தங்கை வந்தியத்தேவன் மேல் வைத்திருக்கும் அன்பில் பேசுகிறாள். ஒரே வீட்டில் இரண்டு சாட்சிகள். எதிரெதிர்க் காரணங்களுக்காக இருவரையுமே நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

பெரிய பழுவேட்டரையர்: சுந்தர சோழர் முன்னிலையில் பழியைத் தன் மேல் ஏற்றுக்கொள்பவர். சோழ நாட்டின் மிகப் பெரிய அதிகாரி, நந்தினியால் ஏமாற்றப்பட்ட வயதான கணவர், குற்ற உணர்ச்சியில் வெந்துகொண்டிருக்கும் மனிதர். அவர் சொல்வது வாக்குமூலமா, பிராயச்சித்தமா?

நந்தினி: தலைமறைவு. இன்றைய வழக்குகளில் இருக்கும் அதே நிலை. முக்கியமான ஆள் கிடைக்கவில்லை, கையில் கிடைத்தவன் மேல் கேஸ்.

போதாக்குறைக்கு, மாளிகை தீப்பற்றி எரிகிறது. சம்பவ இடத்தில் இருந்த தடயமும் அதோடு போகிறது.

ஒரே கொலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்கள். சட்டக் கல்லூரிப் பேராசிரியர் யாராவது உட்கார்ந்து யோசித்தாலும் இப்படி ஒரு வினாத்தாளைத் தயாரிப்பது கஷ்டம்.

வாக்குமூலம் வந்துவிட்டால் கேஸ் முடிந்ததா?

வகுப்பறையில் நடக்க வேண்டிய மிக முக்கியமான உரையாடல் இதுதான். "அவரே ஒத்துக்கிட்டாரே, அப்புறம் என்ன விசாரணை?" என்று ஒரு மாணவராவது கேட்பார். கேட்க வேண்டும்.

ஒருவர் ஏன் ஒத்துக்கொள்கிறார் என்று பார்க்காமல், என்ன ஒத்துக்கொண்டார் என்று மட்டும் பார்ப்பது ஆபத்து. மணிமேகலை காதலுக்காக ஒத்துக்கொள்கிறாள். பழுவேட்டரையரின் ஒப்புதலுக்குப் பின்னால் குற்ற உணர்ச்சி இருக்கிறது. நிஜ உலகில் மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. அடி.

அந்தப் பாடத்துக்கும் கடலூர் மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. 1993-ல் விருத்தாசலம் பக்கத்து முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு, நகைத் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் போலீசாரால் பிடிக்கப்பட்டார். காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார். அவர் தப்பி ஓடிவிட்டதாகச் சொல்லப்பட்ட கதையை அவருடைய மனைவி பார்வதி நம்பவில்லை. வழக்கறிஞர் சந்துரு மூலம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார். 2021-ல் வெளியான 'ஜெய் பீம்' அந்த வழக்கிலிருந்து பிறந்த படம்தான்.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை, குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்கிறது நம் சாட்சியச் சட்டம். 1872-ல் வந்த பழைய சட்டத்திலும் இது இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்திலும் இருக்கிறது. "போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டான், ஆனா கோர்ட்ல விட்டுட்டாங்க" என்று டீக்கடையில் அலுத்துக்கொள்பவர்களுக்கு இந்த விதி ஏன் இருக்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பதினாறு வயதில் மணிமேகலையைக் குறுக்கு விசாரணை செய்த ஒருவருக்கு அது தானாகவே புரிந்திருக்கும்.

சரி, எப்படி நடத்துவது?

ஐந்து பாகத்தையும் எல்லோரும் படிக்கத் தேவையில்லை. கொலைக்கு முன்னும் பின்னும் வரும் அத்தியாயங்கள் கடைசி இரண்டு பாகங்களில் இருக்கின்றன. முதல் பாகத்திலிருந்து கந்தமாறன் குத்துப்பட்ட பகுதியைச் சேர்த்துக்கொண்டால் போதும். கல்கியின் எழுத்துகள் அரசுடைமை. முழு நாவலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, போனிலேயே படித்துவிடலாம். நாலைந்து பாடவேளைகளில் முடிகிற வேலை.

* பாத்திரம் சீட்டுக் குலுக்கலில்: யார் நந்தினி, யார் பழுவேட்டரையர், யார் அரசு வக்கீல் என்பதை ஆசிரியர் தீர்மானிக்கக் கூடாது. நல்லாப் பேசுகிற நாலு பேருக்கே எல்லா வேஷமும் போவதை இது தடுக்கும்.
* நாவலில் இல்லாதது நீதிமன்றத்திலும் இல்லை: சாட்சி சொல்லும் ஒவ்வொரு உண்மைக்கும் அத்தியாயம் காட்ட வேண்டும். புதுசாக ஒரு சிசிடிவி கேமராவைக் கண்டுபிடிக்கக் கூடாது. "படத்துல அப்படித்தானே வந்துச்சு" என்பதும் செல்லாது. படம் தனி, நாவல் தனி.
* மூன்றே ஆட்சேபங்கள்: தன் சாட்சியிடமே பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்பது, அடுத்தவர் சொல்லிக் கேட்டதைச் சாட்சியமாகச் சொல்வது, வழக்குக்குச் சம்பந்தமில்லாததைக் கேட்பது. இந்த மூன்றை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும், மாணவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.
* ஜூரி வேண்டாம்: ஹாலிவுட் படம் பார்த்த பழக்கத்தில் பன்னிரண்டு பேரை ஜூரியாக உட்கார வைக்கத் தோன்றும். 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலிருந்தே நம் நாட்டில் ஜூரிக்கு இடமில்லை. இங்கே நீதிபதி தீர்ப்பு சொன்னால் மட்டும் போதாது, காரணத்தை எழுத வேண்டும். அதனால் பார்வையாளராக உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மாணவரும் ஒரு பக்கத் தீர்ப்பு எழுதட்டும். மதிப்பெண் தீர்ப்புக்கு இல்லை, காரணத்துக்கு.

கடைசி விதிதான் எல்லாவற்றிலும் கறாரானது. கைதட்டலுக்கு மதிப்பெண் கிடையாது.

பட்டிமன்றத்தோடு என்ன பிரச்சினை?

பிரச்சினை ஒன்றும் இல்லை, அது ஒரு நல்ல கலை. ஆனால் பள்ளியில் 'பேச்சுத் திறமை' என்றாலே பட்டிமன்றம் அல்லது வழக்காடு மன்றம் என்று ஆகிவிட்டது. அங்கே சிறந்த கண்ணகி யார், சிறந்த கர்ணன் யார் என்ற தலைப்புகள். எதுகை மோனை, ஒரு ஜோக், குரலை உயர்த்தி ஒரு முடிப்பு. நடுவர் இரண்டு பக்கத்தையும் பாராட்டிவிட்டு, பாதுகாப்பான ஒரு தீர்ப்பைச் சொல்வார்.

நம் மரபில் உள்ள சிறந்த வழக்கு அப்படி வெல்லப்படவில்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் சபையில் கண்ணகி ஆவேசமாகப் பேசினாள் என்பதைத்தான் ஆண்டு விழா மேடைகள் பிடித்துக்கொண்டன. ஆனால் வழக்கைத் திருப்பியது அவள் குரல் இல்லை. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று காட்டி, சிலம்பை உடைத்தாள். தடயம் பேசியது. ஒரு பொற்கொல்லன் சொன்ன சொல்லை மட்டும் நம்பி, விசாரிக்காமல் தண்டனை கொடுத்ததுதான் பாண்டியன் செய்த தவறு.

ஒரு சொல்லை நம்பித் தண்டனை கொடுப்பது பாண்டியனோடு போய்விட்டதா என்ன? வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வருகிறது, "இவன்தான் அவன், ஷேர் பண்ணுங்க" என்று ஒரு வரி. மாலைக்குள் ஒருவருடைய பெயர், வேலை, குடும்பம் எல்லாம் நாறிவிடுகிறது. பிறகு அது வேறு ஆள் என்று தெரிந்தால் அந்த மறுப்பை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. பகிர்கிறவர்களில் பெரும்பாலானோர் கெட்டவர்கள் இல்லை. 'யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும், அவருக்கு இதில் என்ன லாபம்' என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகாதவர்கள்.

கல்வெட்டு என்ன சொல்கிறது?

விசாரணை முடிந்தபிறகு உடையார்குடிக்குப் போவது நல்லது. முன்கூட்டியே போனால் நாவலின் வழக்கும் வரலாற்றின் வழக்கும் குழம்பிவிடும்.

முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு அது. கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகிய சகோதரர்களைக் குறிப்பிடுகிறது. ரவிதாசனுக்கும் பரமேஸ்வரனுக்கும் 'பிரம்மாதிராஜன்' என்று முடியும் பட்டங்கள் இருக்கின்றன. அதாவது அரசிடம் பட்டம் பெற்ற பெரிய மனிதர்கள். கல்கி ரவிதாசன் என்ற பெயரை எடுத்துக்கொண்டார், அவனைப் பாண்டிய நாட்டு ஆபத்துதவியாக மாற்றினார். நாவலாசிரியருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. வாசகர் அதை வரலாறு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

கரிகாலன் இறந்தது சுமார் கி.பி. 970. ராஜராஜன் அரியணை ஏறியது 985. இடையில் ஆண்டவர் உத்தம சோழர். இவ்வளவு காலம் கொலையாளிகள் மேல் நடவடிக்கை இல்லையா? அப்படியானால் உத்தம சோழருக்கும் இதில் பங்கு உண்டா? வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழரைச் சந்தேகித்தார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்களும் அந்தக் கல்வெட்டை மறுபடி மறுபடி படித்து வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதில் ஒரு சுவாரஸ்யம். சாஸ்திரி, பண்டாரத்தார் இருவருமே வெவ்வேறு காலங்களில் சிதம்பரத்தில் பணியாற்றியவர்கள். இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக இருக்கும் வளாகத்தின் ஆசிரியர் மரபைச் சேர்ந்தவர்கள். பரங்கிப்பேட்டைக்காரர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் என்றால் வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கும் கடல் உயிரியல் மையம்தான் நினைவுக்கு வரும். அதே பல்கலைக்கழகத்தின் ஆட்கள் ஆயிரம் வருடப் பழைய கொலை வழக்கில் எதிரெதிர் தரப்பில் நின்றிருக்கிறார்கள் என்பது மாணவர்களுக்குச் சொல்லத் தக்க கதை.

கல்வெட்டையும் குறுக்கு விசாரணை செய்யலாம். அது நிலத்தைப் பற்றிய ஆவணம், கொலை விசாரணையின் குறிப்பு இல்லை. துரோகிகளுடைய உறவினர்களின் சொத்தும் பறிக்கப்பட்டதாகச் சொல்கிறது. ஒருவர் செய்த குற்றத்துக்கு அவர் குடும்பத்தின் சொத்தைப் பறிக்கலாமா? இன்றைய சட்டப்படி குற்றத்தின் தண்டனை செய்தவருக்கு மட்டும்தான். இந்தக் கேள்வியோடு ஒரு பாடவேளையைத் தாராளமாக ஓட்டலாம்.

இதெல்லாம் தமிழில் முடியுமா?

தமிழில்தான் செய்ய வேண்டும். ஆங்கில மீடியம் பள்ளிகளில் இந்த மாதிரி நிகழ்ச்சி என்றாலே 'மை லார்ட்', 'அப்ஜெக்ஷன்' என்று போய்விடும் ஆபத்து உண்டு.

தமிழின் முதல் நாவலை எழுதியவர் ஒரு நீதிபதி என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். மாயூரம் வேதநாயகம் பிள்ளை சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீஃப்பாக இருந்தவர். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் சீர்காழி. ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவந்தவர் அவர். 1879-ல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' நாவலில் ஞானாம்பாள் ஆண் வேடத்தில் ஒரு நாட்டையே ஆள்கிறாள். தமிழ் மக்களின் வழக்கு தமிழில் நடக்க வேண்டும் என்ற வாதத்தை அந்த நாவலிலேயே வைத்துவிட்டார் வேதநாயகம் பிள்ளை.

நூற்று நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழை வழக்காடு மொழியாக்கக் கோரி 2006-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இன்னும் நடக்கவில்லை. ஆனால் கீழ்க் கோர்ட்டுகளில் சாட்சிகள் தமிழில்தான் பேசுகிறார்கள். மாணவர்கள் ஒரு நாள் சிதம்பரம் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்து பார்க்கலாம். நம் நீதிமன்றங்கள் பொதுவாக மக்களுக்குத் திறந்தவை. சினிமாவில் வருகிற மாதிரி யாரும் மேஜையைத் தட்ட மாட்டார்கள். முதலில் காதில் விழும் வார்த்தை 'வாய்தா'வாக இருக்கலாம். அதுவும் பாடம்தான்.

ஆட்சேபங்கள் இல்லாமல் இருக்குமா?

முதல் ஆட்சேபம் ஆசிரியர்களிடமிருந்தே வரும். "போர்ஷன் முடிக்கவே நேரம் இல்லை, பப்ளிக் எக்ஸாம் இருக்கு." நியாயமான கவலை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் இருக்கின்றன. தமிழ், வரலாறு, குடிமையியல் என மூன்று பாடங்களுக்கும் உதவுகிற வேலை. மூன்று ஆசிரியர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு பாடவேளை கொடுத்தால் போதும்.

இரண்டாவது ஆட்சேபத்தை வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் அதுதான் பெரியது. சாதி. சோழர் எங்கள் ஆள், பழுவேட்டரையர் எங்கள் ஆள், சம்புவரையர் எங்கள் ஆள் என்று உரிமை கொண்டாடும் போஸ்டர்கள் தமிழ்நாட்டில் குறைவில்லை. கல்வெட்டில் உள்ள 'பிரம்மாதிராஜன்' பட்டத்தை வைத்து இன்னொரு சண்டை. ஒரு பள்ளியில் சம்புவரையரைக் குறுக்கு விசாரணை செய்தால் மாலையில் யாராவது கேட் முன்னால் வந்து நிற்பார்களோ என்று ஒரு தலைமை ஆசிரியர் பயந்தால், அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது.

அதற்காக ஒதுங்கிவிட்டால், அந்தப் போஸ்டர்களே பிள்ளைகளுக்கு வரலாற்று ஆசிரியர் ஆகிவிடும். சீட்டுக் குலுக்கல் இங்கேதான் உதவுகிறது. பரங்கிப்பேட்டை போன்ற ஊரில் மீனவர் வீட்டுப் பிள்ளை, சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ அப்பா இருக்கும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, வயல் வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளை எல்லோரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். சீட்டில் வந்த பெயர்தான் அன்றைக்கு அவர்களுடைய பெயர். தன் ஆள் என்று நினைத்தவரை எதிர்த்து வாதாடவும், தனக்குப் பிடிக்காதவருக்காக வாதாடவும் அந்தச் சீட்டு கட்டாயப்படுத்தும். ஒரு வக்கீலின் வேலையே அதுதானே.

மூன்றாவது ஆட்சேபம்: நாவலில் காதல், பழிவாங்கல், தற்கொலை எல்லாம் வருகிறதே? வருகிறது. அதனால்தான் பகுதிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை ஆசிரியருடையது. நந்தினியின் நடத்தை பற்றிய கேள்விகளை 'வழக்குக்குச் சம்பந்தமில்லாதது' என்று நீதிபதி தடுக்க வேண்டும். ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசியே கேஸை ஜெயிக்கப் பார்ப்பது நிஜக் கோர்ட்டுகளிலும் நடக்கிற விஷயம். அதைத் தடுப்பது எப்படி என்று பள்ளியிலேயே பார்த்துவிட்டால் நல்லது.

அப்போ தீர்ப்பு என்ன?

இருட்டு அறை. கையில் சிக்கியவன் ஒருவன். பழைய பகையோடு ஒரு சாட்சி. காதலோடு ஒரு வாக்குமூலம். குற்ற உணர்ச்சியோடு இன்னொரு வாக்குமூலம். எரிந்துபோன தடயம். இன்றைய சட்டத்தின் அளவுகோல்படி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்டதா என்று கேட்டால், நேர்மையான பதில் ஒன்றுதான். இல்லை. வந்தியத்தேவன் விடுதலை.

"அப்போ கொன்னது யாரு?" என்று வகுப்பு கொதிக்கும். அந்தக் கொதிப்பில்தான் இந்தப் பயிற்சியின் பயன் இருக்கிறது. நீதிமன்றத்தின் முன் இருக்கும் கேள்வி 'யார் கொன்றது' என்பது இல்லை. 'இவர்தான் கொன்றார் என்று நிரூபித்துவிட்டார்களா' என்பது மட்டும்தான். முதல் கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்தே ஆக வேண்டும் என்று அவசரப்படும்போதுதான் ஒரு கோவலன் வெட்டுப்படுகிறான், ஒரு ராஜாக்கண்ணு வீடு திரும்பாமல் போகிறார்.

'இன்னும் தெரியவில்லை' என்று எழுதி அதற்குக் காரணமும் எழுதிய மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கிற தேர்வு நம் பள்ளிகளில் இப்போதைக்கு எதுவும் இல்லை. இந்த ஒன்றையாவது வைத்துப் பார்க்கலாம்.